டிக்கெட் எடுக்காதவர்கள்

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
படிக்கட்டுக்கு அடியில் என் கடை. மூன்றடி அகலம்.
மழைநாளில் படியேறுகிறவர்களின் ஷூவிலிருந்து
என் பங்கு மழை எனக்கு வந்துவிடும்.

முப்பதாம் எண் மினிபஸ்ஸை
எஞ்சின் அணைக்காமல் விட்டுவிட்டு
கோச்சா வந்தான்.
"மக்வாலா, இதுகளை இறக்கிவிடு."
போனை நீட்டினான்.

மெமரி கார்டுக்குள் நாற்பத்தோரு கோப்புகள்.

÷¶┐ÿ
¤╠╠ñ.§

வாயில் நுழையாத பெயர்கள் என்று சொல்லலாம்.
எந்த வாயிலிருந்தும் வெளியே வந்தவையும் அல்ல.
ஒவ்வொன்றும் மூன்று ஜிபி.
கார்டே முப்பத்திரண்டுதான்.
பதினாறு பேர் வண்டியில்
அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்,
ஒருவருக்கும் முகம் இல்லை.

தேதியைத் தொட்டேன்: 2098, நவம்பர்.
"இன்னும் பிறக்காததெல்லாம் ஏறியிருக்கு."
"டிக்கெட்டும் எடுக்கலை" என்றான் கோச்சா.

அழுத்திப் பிடித்தேன். அழி என்றேன்.
உறுதியா என்றது. உறுதி.
அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.
பட்டியலுக்குத் திரும்பினால்
அங்கேயேதான், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

வேறு பெயராவது வைப்போம் என்று
எங்கள் அகரவரிசையின் முதல் எழுத்தைக் கொடுத்துப் பார்த்தேன்.
வாங்கிக்கொள்ளவில்லை.
பெயர் மாற்ற, முதலில் ஒரு பெயர் வேண்டுமாம்.

எப்படி ஆச்சு என்று கேட்டேன்.
பஞ்சர். இருட்டு. ஜாக்கியைத் தேடும்போது
போன் சேற்றில்.
அது விழித்திருக்கும்போதே கார்டைப் பிடுங்கி
சட்டையில் துடைத்திருக்கிறான்.
எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து
நோட்டை உருவினால்
கடைசி வரி எங்கே போகும்?

மொத்தமாகத் துடைப்பது ஒன்றுதான் வழி.
அதற்குமுன் நல்லவற்றை என் கணினிக்கு ஏற்றினேன்.
எட்டு மாத மின்மீட்டர் எண்கள்.
யாரோ மறந்துவிட்டுப் போன இடது கையுறை.
மகளின் பல்வரிசை, மருத்துவருக்குக் காட்ட.
சீட்டுக்கடியில் உறங்கும் நாய், அதே நாய், அதே நாய்.
ஒயின் கோப்பையை உயர்த்தியபடி
ஒருவர் பேசிக்கொண்டேயிருக்கும் பதினேழு நிமிடம்.
"அதை வேணும்னா விட்டுடு," என்றான்,
"என் மாமனார்."

அந்த நேரத்தில்தான் ஒன்று திறந்தது.
÷¶┐ÿ என்பதா, அதற்கடுத்ததா, நினைவில்லை.
உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குப் படம்,
கீழே எல்லாம் சாம்பல்.
நீலச் சாயம் பூசிய ஜன்னல் சட்டம்.
முழங்கையிலிருந்து மேலே உயர்ந்த ஒரு கை.
யாருக்கோ அசைக்கிறதா,
திரைச்சீலையை இழுக்கிறதா.

கோச்சா போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.

"யாரு?"
"உன் போன்."
"என் ஜன்னல் இல்லை."
பெரிதாக்கினோம்.
சாம்பல்தான் பெரிதானது.
மூடித் திறந்தேன். இந்தமுறை அதுவும் இல்லை.
நாற்பது நிமிடமாக இறக்கிவிடச் சொன்னவன்
இப்போது, "இரு, இரு, இன்னொரு தரம்" என்றான்.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.

முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.
ஸ்கால்துபோ போகுமா, போகாதா?
"போகும்" என்றான் அவளிடம்.
என்னைப் பார்க்காமல், "துடைச்சிடு."

மூன்று விநாடி.

காலி கார்டில் பெயர் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க
என் கடை ஷட்டரை ஒரு படம் எடுத்தான்.
விழுந்தது. எண் ஒன்று.
மாமனாரைத் திரும்ப ஏற்றவா என்று கேட்டேன்.
ஏற்று என்றான்.

சாயங்காலம் ஸ்பீக்கர் ஊமையான ஒரு போனைப்
பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
நவம்பரில் இங்கே
கம்பளிக்குள்ளிருந்து யாரும் விரலைக்கூட நீட்டமாட்டோம்.
அந்தக் கை
முழங்கை வரை வெறுங்கை.